மாதிரிக்கு ஓர் அத்தியாயம்

எடிட்டர்கள் மாநாட்டுக்கு வருவதால் கிடைக்கும் பயன்களை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். அறிவு விரியும், தொடர்பு பெருகும், தொழிலுக்கு மரியாதை கூடும் என்று இருந்தது. இடம் திண்டுக்கல், நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். நான் நுழைந்தபோது முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளைப் பாதிதான் பிய்த்திருந்தார்கள். மணப்பெண் பெயர் போய்விட்டது. மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்துகள் மாநாட்டு பேனருக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. வாடிய செவ்வந்தியும் பழைய சாம்பாருமாக ஒரு வாடை. பிழை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்து அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை எடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

என்னோடு வந்தவள் சின்னாளப்பட்டிக்காரி. ஒரு நாளிதழின் திண்டுக்கல் பதிப்பில் என் பக்கத்து மேசையில் பல வருஷம் செய்தி திருத்தியவள். பக்கங்களைத் தலைமை அலுவலகத்திலேயே செய்துகொள்வது என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது எங்கள் இருவருக்கும் ஒன்றாக வேலை போனது. எனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அவள் நிலைமை அப்படி இல்லை. வருகிற திங்கட்கிழமை ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பதிப்பாளரிடம் ஒரு பதில் வாங்க வேண்டியிருந்தது.

அவர் சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார். நாவலின் தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. மாதிரிக்கு இதை மட்டும் திருத்தி அனுப்புங்கள், பிடித்திருந்தால் முழு நாவலும் உங்களுக்கு என்று குறிப்பு. இதற்குக் கூலி கிடையாது. எங்கள் தொழிலில் இது வழக்கமாகிவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டு மாதிரிக்கு ஒரு சுவர் கட்டிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. எடிட்டரிடம் கேட்கலாம், எடிட்டரும் கட்டிக் காட்டுவார். இவளும் வரிவரியாக உழைத்து அனுப்பினாள். பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. இந்த மாநாட்டை நடத்துபவரே அவர்தான். மேடையில் நடு நாற்காலியில் இருந்தார்.

"இன்னைக்கு நேர்ல கேட்டுப்புடுவேண்ணே. உண்டுன்னா உண்டு, இல்லன்னா இல்ல. இல்லன்னா பேசாம பில்லு போடப் போயிருறேன்."

"மொதல்ல அந்த ஆளு கீழ எறங்கட்டும்மா."

அவர் இறங்குவதாக இல்லை. பொன்னாடை போர்த்துவது தொடங்கியிருந்தது. தலைவருக்குச் செயலாளர், செயலாளருக்குப் பொருளாளர், பொருளாளருக்குத் தலைவர். ஒவ்வொரு முறையும் இருவரும் துணியின் நுனியைப் பிடித்தபடி போட்டோக்காரரைப் பார்த்துச் சிலையாக நின்றார்கள். போட்டோ எடுத்ததும் துணி பின்னால் போனது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து திரைக்குப் பின்புறம் தெரிந்தது. அங்கே ஒருவர் அதை உதறி, மடித்து, மறுபடி தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு பச்சை, ஒரு ஆரஞ்சு, இந்த இரண்டுதான் மேடை முழுவதையும் கௌரவித்தன. ஆரஞ்சின் ஓரத்தில் ஒரு குங்குமக் கறை. அது தோள் விட்டுத் தோள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைத்தறி ஆடைன்னு மைக்ல சொல்றாங்கண்ணே" என்றாள் அவள். "பக்கத்துல தீக்குச்சியக் கொண்டு போனா அம்புட்டும் உருகிரும்."

பிறகு ஒரு நாவல் வெளியிட்டார்கள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கணக்குப் பார்க்கும் ஒருவரின் குடும்பக் கதை என்று அறிவிப்பாளர் சொன்னார். அந்நேரம் இவள் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். நாவலாசிரியர் மைக்கைப் பிடித்தார். "என் எழுத்துல இதுவரைக்கும் ஒருத்தரையும் கைவைக்க விட்டதில்ல. எழுதுனா எழுதுனதுதான்" என்றார். எடிட்டர்கள் மாநாட்டில், எடிட்டர்களைப் பார்த்து. மண்டபம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். பத்திரிகை வேலையில் எத்தனையோ மேடைகளைப் பார்த்தவன்தான். ஆனாலும் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வரலாமா என்று தோன்றியது.

'எடிட்டிங் நுட்பங்கள்' என்ற அமர்வு ஒன்று நிரலில் இருந்தது. நாங்கள் வந்ததற்குச் சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம் அது ஒன்றுதான். சிறப்பு விருந்தினருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் நன்றியுரையை முன்னால் கொண்டுவந்து அந்த அமர்வை ரத்து செய்தார்கள். சாப்பாட்டுக்கு மணி அடிக்காத குறையாக எல்லோரும் எழுந்தார்கள்.

மேடைக்காரர்களுக்குத் தனி அறையில் மட்டன் பிரியாணி. மற்றவர்களுக்கு வரிசையில் குஸ்காவும் ஒரு முட்டையும். பிரியாணி வாசம் அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் வந்து எங்கள் தட்டுகளின் மேல் நின்றது. கை கழுவும் தொட்டியில் சோறு அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது, அதிலேயே எல்லோரும் கையை விட்டார்கள்.

"தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் இல்லையா?" என்று எங்களுக்கு முன்னால் நின்றவர் கேட்டார். நத்தத்துக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று பேச்சில் தெரிந்தது. புத்தகம் திருத்திக் கொடுப்பவர்.

"முட்டைதான் ஐயா வெஞ்சனம்" என்றாள் இவள். "கேட்டா, மாதிரிக்கு ஒண்ணு வச்சிருக்கோம், பிடிச்சாத்தான் அடுத்தது தருவோம்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒனக்கும் மாதிரி அத்தியாயம் வந்துச்சா?"

"வந்துச்சே. நான் பட்ட பாடு. ஒரு அப்பா வாராருங்க ஐயா. முதல் பக்கத்துல நொண்டுறாரு, மூணாம் பக்கத்துல மலைக்கோட்டைக்குப் படியேறுறாரு. முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நமக்கு எங்க தெரியும்? ஒரே ஒரு அத்தியாயத்தக் கையில வச்சுக்கிட்டு என்ன செய்ய? மலையேறுறது கதைக்கு வேணும். அதனால நொண்டுறத எடுத்துப்புட்டேன்."

பின்னால் நின்றிருந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் தட்டோடு முன்னால் வந்தார். இளம் வயது, வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறவர்.

"ஏனுங்க, அந்த அப்பா தோல் ஷாப்புல கணக்குப் பாக்கறவருங்களா?"

அவள் கை தட்டிலேயே நின்றது. "ஆமா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்தது எட்டாவது அத்தியாயங்க. அதுல அவர் நொண்டிக்கிட்டே இருக்கறாருங்க. ஒரு எடத்துல விட்டுப்போச்சுன்னு நானே ஒரு கைத்தடி வேற குடுத்து வெச்சனுங்க."

"எனக்கு மூணாவது" என்றார் நத்தத்துக்காரர் மெல்ல. "பார்த்துச் சொல்றேன்னாக."

ஒட்டன்சத்திரத்துக்காரர் காலையில் வெளியான நாவலைத் தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து இடது கையால் புரட்டினோம். ஏழாம் அத்தியாயத்தில் அப்பா நன்றாக நடந்தார், மூச்சு வாங்காமல் மலைக்கோட்டை ஏறினார். எட்டாம் அத்தியாயம் தொடங்கியதும் கைத்தடியோடு நொண்டினார். நடுவில் விபத்தும் இல்லை, வியாதியும் இல்லை. ஒரு பக்கத்தைத் திருப்பியதில் கால் போயிருந்தது.

"இது என் வாக்கியம்ணே" என்றாள் அவள் ஒரு வரியைத் தொட்டு. அடுத்த பக்கத்திலும் தொட்டாள். பிறகு தொடுவதை நிறுத்திவிட்டாள். நத்தத்துக்காரரும் மூன்றாம் அத்தியாயத்தைத் தேடிப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். பதிப்பாளர் ஊருக்கு ஓர் ஆளைப் பிடித்து ஆளுக்கோர் அத்தியாயமாக முழு நாவலையும் ஓசியில் திருத்தி வாங்கியிருக்கிறார். நன்றிப் பக்கத்தில் ஒரு பிரியாணிக்கடைக்காரருக்குக்கூட நன்றி இருந்தது, திருத்தியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

பதிப்பாளர் பிரியாணி அறையிலிருந்து பல் குத்தியபடி வெளியே வந்தார். ஆரஞ்சு ஆடை இன்னும் தோளில் இருந்தது. இவள் நேராகப் போய் முன்னால் நின்றாள். நாங்கள் மூவரும் இரண்டடி தள்ளி நின்றோம்.

"சார், நான் சின்னாளப்பட்டி. மாதிரி அத்தியாயம் செஞ்சு அனுப்பினேன்."

"ஆங், ஞாபகம் இருக்கும்மா. நல்லா செஞ்சிருந்தீங்க. அந்த நாவல் வேற மாதிரிப் போயிருச்சு. இப்ப இன்னொண்ணு வருது, பெரிய நாவல். ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் செஞ்சு அனுப்புங்க. பிடிச்சிருந்துச்சுன்னா..."

"எத்தனாவது அத்தியாயம் சார்?"

"ஏம்மா, அதுல என்ன இருக்கு?"

"தெரிஞ்சாத்தான சார் ஆகும். முன்னாடி அத்தியாயம் நத்தத்து ஐயாவுக்குப் போவும். பின்னாடி இந்தா நிக்கிறாரே, ஒட்டன்சத்திரம், இவருக்கு வரும். போன தடவ கேக்காம விட்டதுல அந்த அப்பாவுக்குக் கால் போயிருச்சுல்ல."

அவர் அவளைத் தாண்டி எங்கள் மூவரையும் பார்த்தார். பல்குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"இதெல்லாம் தொழில்ல சகஜம்மா. இன்னைக்குப் புதுசா வாரவங்களுக்கு வாய்ப்புக் குடுக்கிறதே பெரிசு" என்றார். "மனசுல வச்சுக்காதீங்க. குரூப் போட்டோவுக்கு வாங்க."

மைக்கில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனார். பச்சைத் துணி காத்திருந்தது. எங்கள் வரிசையில் குஸ்கா தின்றவர்களில் பாதிப் பேர் ஓடிப் போய்ப் பின்னால் நின்றார்கள். நத்தத்துக்காரரும் போனார். காலையில் பையைக் கீழே வைத்துக் கைதட்டியவர் அவருக்கு இடம் விட்டார்.

திங்கட்கிழமை அவள் ஜவுளிக் கடையில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பெரிய நாவல் புறப்பட்டது. ஓர் அத்தியாயம் இவளுக்கும் வந்தது, ஒட்டன்சத்திரத்துக்காரருக்கும் வந்தது. இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். முழுப் புத்தகம் என்றால் மட்டும், அதுவும் கூலி பேசிக்கொண்டு என்று ஒரே பதிலை அனுப்பினார்கள். திரும்ப ஒன்றும் வரவில்லை. நத்தத்துக்காரருக்கும் வந்தது. அவர் செய்து கொடுத்துவிட்டார். இந்த முறை பெயர் போடுவதாகச் சொன்னார்களாம். கோபம் அவர் மேல் எனக்கு வரவில்லை. அந்தப் பல்குச்சி ஞாபகம்தான் வந்தது.

ஒட்டன்சத்திரத்துக்காரருக்குத் தோட்டக்கலை பற்றிய ஒரு கனத்த புத்தகம் கூலிக்குக் கிடைத்தபோது, தனியாக முடியாது என்று பாதியை இவளிடம் கொடுத்தார். கடை விட்டு வந்து செய்கிறாள். இருவரும் முதலில் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்கள் என்று சொன்னாள்.

போன வாரம் அடுத்த மாநாட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. பின்பக்கத்தில் அதே பயன்கள். அவளுக்குப் போன் செய்தேன்.

"அந்தக் கருமத்துக்கு மறுபடி போறீங்களாண்ணே?"

"நீ வரலையா?"

கடையில் யாருக்கோ பில் கிழித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"வாரேன்" என்றாள். "ஆனா உள்ள உக்கார மாட்டேன். நேரா சாப்பாட்டு வரிசைக்குப் போயிருவோம். யாரு யாருக்கு எந்த அத்தியாயம் வந்திருக்குன்னு கேக்கணும்."