காணாமல் போகாத சைக்கிள்

போன வாரம் பஸ்ஸில் செல்போனைத் தொலைத்துவிட்டு, புகார் பதிய காரைக்குடி இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். "பொருளோட கலரு என்ன சார்?" என்றாள் அங்கிருந்த பெண். சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்று சிரிப்பைத் தவிர மற்றதெல்லாம் வரப் பார்த்தது.

அப்போது எங்கள் ஊரில் சின்னதாக ஒரு மனித உரிமைச் சங்கம் இருந்தது. தையல்கடை மாடியில் ஓர் அறை. நர்ஸாக இருந்த சகாயமேரி அக்காதான் செயலாளர். நான் வேறு வேலை கிடைக்காததால் கொள்கைப் பிடிப்போடு இருந்தவன். யாரையாவது வழக்கில்லாமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் எங்களில் இரண்டு பேர் போவோம். இன்னாரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அங்குள்ள பெஞ்சில் உட்காருவோம். வெளியாள் உட்கார்ந்திருந்தால் உள்ளே அடி விழாது என்பது அக்காவின் நம்பிக்கை.

அன்று அக்கா சிவகங்கை கோர்ட்டுக்குப் போயிருந்தார். பாண்டியம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அவள் புருஷன் முருகேசன் கொத்தனார். கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து பூச்சுவேலை நடந்த இடத்தில் பித்தளை அண்டாவைக் காணோமாம், சந்தேகத்தில் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

"போன மாசம் எங்க தெருக்காரரைக் கைய ஒடிச்சுத்தான் விட்டாக. கொத்தனுக்குக் கை போச்சுன்னா என்னண்ணே இருக்கு?"

அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே நுழைந்ததும் ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா?"

"சைக்கிளைக் காணோம்" என்றது என் வாய். சத்தியமாக நான் சொல்லவில்லை.

"கலரு?"

"பச்சை."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். உள்ளே முருகேசன் இருமுவது கேட்டது. நான் எழுந்து போனால் அடி விழும் என்று தோன்றியதால் எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடிக்காதது, செயின் கழன்றது, சீட்டு கிழிந்தது என்று அந்த சைக்கிளின் முழு ஜாதகத்தையும் எழுதினேன். நான்காவது தாளில் ஏட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அந்தம்மா புடிச்சுக்கிட்டு நிக்கிற சைக்கிளு என்ன கலருய்யா?"

"பச்சை."

"உக்காரு அங்குட்டு. ஐயா வந்து உன்னையும் பாப்பாரு."

அப்படித்தான் பெஞ்சில் இடம் கிடைத்தது. சாயங்காலம் அக்கா வந்து பேசும்வரை எழுந்திருக்கவில்லை. முருகேசன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வெளியே வந்தான்.

"சைக்கிள் கெடச்சிருச்சாண்ணே?" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தார். "உக்காரச் சொன்னா கத எழுதியிருக்க. பரவாயில்ல, நீளமா எழுதியிருக்க."

அக்கா இப்போது இல்லை. அந்த மாடி இப்போது விடுதி, வெளிநாட்டார் தங்குகிறார்கள். சங்கம் செல்போனில் ஒரு வாட்ஸ்அப் குழுவாக இருக்கிறது. அந்த பெஞ்சில் அக்கா பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார எனக்கு இன்னும் ஆசைதான்.

போன மாதம் காளையார்கோவில் பக்கம் ஒரு லாரி டிரைவரைப் போலீஸ் கூட்டிப்போனதாக அவர் தங்கை குழுவில் தகவல் போட்டாள். கோப முகங்களும் கூப்பிய கைகளும் வந்து குவிந்தன. நானும் ஒரு ஜோடிக் கை போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "யாராச்சும் வாரீகளா?" என்று கேட்டிருந்தாள்.

எல்லோரும் படித்தோம்.