போட்டோவுக்காகக் கழுவிய கக்கூஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலை பஸ்ஸில் அந்த நாட்களில் நான் நின்றுகொண்டு போனேன் என்று சொன்னால் அது பொய். கூட்டத்தில் கால் தரையில் பட்டால்தானே நிற்பதற்கு. முன்னால் ஒரு பூக்கூடை, பின்னால் யாருடையதோ டிபன் கேரியர், காதுக்குப் பக்கத்தில் இருமல். அப்படி வந்து பள்ளிக்கூட வாசலில் இறங்கினால், தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருக்கும். ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கி வந்த பிள்ளையை ஒரு வட்டத்திலும் என்னை இன்னொரு வட்டத்திலும் நிறுத்தி, பி.டி. மாஸ்டர் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை நீட்டுவார். கிருமிக்கு பஸ் ஏறப் பயம் போலிருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை.

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்து, அரசுப் பள்ளிகளில் பெரிய வகுப்புகளை மட்டும் திறந்திருந்த சமயம். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தலைமையாசிரியருக்குப் பாதுகாப்பு என்றால் போட்டோ. பிள்ளைகள் கை கழுவினால் போட்டோ, பெஞ்சில் மருந்து தெளித்தால் போட்டோ. எல்லாம் மேலதிகாரிகளும் ஆசிரியர்களான நாங்களும் இருக்கும் வாட்ஸப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து கைதட்டும் பொம்மைகள் வரும். கபசுரக் குடிநீர் கொடுத்த அன்று, "டம்ளர வாய்க்குப் பக்கத்துல வையிலே, குடிச்சிராத, இன்னும் எடுக்கல" என்று அவர் ஒரு பையனை அதட்டியதை நானே கேட்டேன். அவன் பாவம், கசப்பை மூக்கருகே வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான்.

இதெல்லாம் கூத்து என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு அவர் வந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

ஆள் வைத்து அதைத் தேய்த்துக் கழுவினார்கள். கதவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மந்திரி வரும் ரோட்டுக்குப் போடுவதைப் போலவே வாசலுக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு கதவைச் சாத்தி ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டார்கள்.

"எதுக்கு சார் பூட்டு?" என்று கேட்டேன்.

"தொறந்து வச்சா பிள்ளைக போகும்லா டீச்சர். அழுக்காயிரும். திடீர்னு ஆய்வுக்கு வந்து நின்னாவன்னா என்னத்தக் காட்டுறது?"

"பிள்ளைக எங்க சார் போகும்?"

"அர நாள் அடக்க முடியாதா? வீட்டுல போயிட்டு வரச் சொல்லுங்க."

அரை நாள் இல்லை, முழு நாள். பையன்களுக்குப் பிரச்சினை இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் கண்மாய் கிடந்தது. அவசரத்துக்கு இரண்டு பிள்ளைகளை ஆசிரியைகளின் கழிப்பறைக்கு அனுப்பினேன். மறுநாளே அதற்கும் பூட்டு வந்து, சாவி அவருடைய மேசைக்குப் போய்விட்டது. அதன் பிறகு நாங்களும் அவரிடம் கையேந்தித்தான் ஒண்ணுக்குப் போனோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பையில் பாட்டில் இருக்கும், அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை என் வகுப்பில் முதல் பெஞ்ச். கேள்வி கேட்டே என்னைக் கொன்றுவிடுவாள். உடம்பில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது சிறுநீரகம் என்று நான் நடத்தியபோது, "அதுக்கு எம்புட்டுத் தண்ணி வேணும் டீச்சர்?" என்று கேட்டாள். பதில் சொல்லிவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பூட்டை வைத்துக்கொண்டு அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாளில் ஒரு காலை, வாசல் வட்டத்தில் நின்ற அவள் நெற்றியில் துப்பாக்கி 'பீப்' என்று கத்தியது. நல்ல காய்ச்சல். பி.டி. மாஸ்டர் பின்னால் தாவியதில் இரண்டு வட்டம் அழிந்தது. தலைமையாசிரியர் ஓடி வந்தார். அவளிடம் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை, போனைத்தான் எடுத்தார். 'காய்ச்சலுடன் வந்த மாணவி நுழைவாயிலிலேயே கண்டறியப்பட்டு உடனடியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்' என்று போட்டோவோடு குழுவில் போட்டார். அன்று வந்த கைதட்டலைப் போல அதற்கு முன் வந்ததே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கொரோனா இல்லை. ஒண்ணுக்கு அடக்கி அடக்கி, தண்ணீர் குடிக்காமல் இருந்து வந்த காய்ச்சல் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோய் வராமல் இருக்கப் போட்ட பூட்டுத்தான் பிள்ளைக்கு நோயைக் கொடுத்திருந்தது. அந்தச் செய்தி மட்டும் குழுவுக்குப் போகவில்லை.

காய்ச்சல் தணிந்த பிறகும் அவள் வரவில்லை. அவளோடு பஸ்ஸில் வரும் தோழியைக் கேட்டால், "அவள நூல் மில்லுக்கு வேலைக்கு அனுப்பப் போறாவளாம் டீச்சர்" என்றாள். அன்று பள்ளி விட்டதும் சேத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவளுடைய அப்பா தறி ஓட்டுகிறவர். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிதான் அவருடைய தறியில் ஓடும். "வாங்க டீச்சர், செத்த உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பிள்ள நல்லாப் படிக்குது. ஏன் நிறுத்துறீங்க?" என்றேன்.

"படிக்கிது, யாரு இல்லங்கா. காலையில போனா பொழுது சாஞ்சுதான வருது. அம்புட்டு நேரமும் ஒரு பொட்டப்பிள்ள அடக்கிக்கிட்டுக் கெடக்கணுமாக்கும். மில்லுலேர்ந்து வந்து பேசிட்டுப் போயிட்டாவ. நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போக வேன் வருது. அங்க கக்கூஸாவது தொறந்து கெடக்குமாம்."

செருப்பால் அடித்தது போல இருந்தது. உள்ளேயிருந்து அவள் நிலைப்படியில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"பூட்டத் தொறந்துட்டாவளா டீச்சர்?"

"தொறந்துருவாவட்டி" என்றேன்.

"அப்பத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் சாவி கேட்டேன். வேன் வருவதையும் சொன்னேன்.

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வாராவ டீச்சர். அதுவரைக்கும் பொறுங்க."

"அதுக்குப் பொறவு தொறப்பீங்களா?"

"அதுக்குப் பொறவு இன்னொரு ஆய்வு வருமே."

சரி, இவருடைய ஆயுதத்தையே எடுப்போம் என்று, பூட்டை நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டேன். 'மாணவியர் கழிப்பறை யாரும் பயன்படுத்தாவண்ணம் பூட்டிப் பாதுகாக்கப்படுகிறது' என்று கீழே எழுதினேன். யாராவது ஒருவர் பதறுவார் என்று பார்த்தேன். கைதட்டல் வந்தது. 'சிறப்பு' வந்தது. ஒரு பெரிய அதிகாரி, 'பிற பள்ளிகளும் பின்பற்றலாம்' என்று எழுதினார்.

நேராக விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனேன். பள்ளி மூடியதிலிருந்து யாரும் தொடாத இரும்புக் குண்டு ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"டீச்சர், அது எறியிற குண்டு" என்றார் பி.டி. மாஸ்டர்.

"எறியத்தான் சார் போறேன்."

பூட்டுப் பெரியதுதான், ஆனால் மாட்டியிருந்த கொண்டி துருப்பிடித்தது. புதுப் பெயிண்டோடு பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் முகக்கவசம் தாடையில் தொங்க ஓடி வந்து, "அரசாங்கச் சொத்து டீச்சர், அரசாங்கச் சொத்து" என்று புலம்பினார்.  கதவை அகலத் திறந்து, தரையில் கிடந்த பூட்டையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, சேத்தூருக்கு அந்தத் தறிக்காரரின் போனுக்கு அனுப்பினேன். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோக்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

சாயங்காலம் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதே சாயங்காலம், 'மாணவியர் பயன்பாட்டுக்குக் கழிப்பறை திறந்துவைப்பு' என்று தலைமையாசிரியர் கதவருகே நிற்கும் போட்டோ குழுவில் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதற்கும் கைதட்டினார்கள். சேத்தூரிலிருந்து மட்டும் ஒரு பதிலும் இல்லை. வேன் வந்ததா, போனதா என்று தெரியாமல் நான் சாப்பிடக்கூட இல்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வாசல் வட்டம் ஒன்றில் அவள் நின்றுகொண்டிருந்தாள். துப்பாக்கி கத்தவில்லை. முதலில் அந்தக் கதவுப் பக்கம் போய், கையால் தள்ளிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தாள்.

வகுப்பறைக்குள் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்பது உத்தரவு. நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவள் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அது காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தாள்.