பர்மியம் ஷோவும் ஒரு டீயும்

போன ஞாயிறு மத்தியானம் ஒரு டிவிடி பார்த்தோம். நானும் மனைவி தீடாவும். ஒரு திரைக்கதை எழுத்தாளனைப் பற்றிய இங்கிலீஷ் படம்.

அடடா, என்ன யோசனை தெரியுமா! அவன் எழுதிய பக்கத்தில் ஒரு வரியை அடிக்கிறான். உடனே, நாம் ஏற்கெனவே பார்த்த காட்சி திரும்ப வருகிறது — அந்த வரி இல்லாமல். கல்யாணக் காட்சியை வெட்டுகிறான். கதாநாயகி விரலில் இருந்த மோதிரம் காணாமல் போகிறது. பாவம், அவள் எதைத் தொலைத்தோம் என்றே தெரியாமல் விரலைத் தடவிப் பார்க்கிறாள்.

குறை இல்லையா? இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே இழுவை. டைப்ரைட்டர் சத்தத்தை எவ்வளவு நேரம்தான் கேட்பது?

தீடாவுக்கு இங்கிலீஷ் வராது. கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து நான் பர்மியத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். கதாநாயகி கோபமாக எழுத்தாளன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்... பொட்டென்று கரண்ட் போனது. யாங்கோனில், அதாவது நம் பழைய ரங்கூனில், இது ஒரு அதிசயமா?

"மீதியை நீங்களே சொல்லிடுங்க கோ மணி, உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் பர்மியத்தில். ('கோ' என்பது இங்கே ஆண்கள் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை.)

எனக்குத் திக்கென்றது.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் நான் யாங்கோனின் லான்மடா பகுதியில் ஒரு வீடியோ கொட்டகையில் 'கதை சொல்லி'. நடத்தியவர் கீழக்கரைக்காரர். வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். ஞாயிறு காலை, தமிழ் தெரிந்த பெரியவர்களுக்கு ஷோ. மத்தியானம் அதே கேசட், வீட்டில் பர்மியமே பேசி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு. அதற்குப் பெயரே பர்மியம் ஷோ. டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கைப் பிடித்து, வசனத்தை நான் பர்மியத்தில் சொல்ல வேண்டும்.

சொல்ல மட்டுமா செய்தேன்? வில்லனுக்கு இல்லாத தங்கச்சியைக் கொடுத்தேன். செத்த அப்பாவை ரங்கூன் ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தேன். "ஏன் தம்பி, அவன் ரெண்டு வார்த்தைதானே பேசினான், நீ ரெண்டு நிமிஷம் பேசுறியே?" என்று காக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த பர்மியம் ஷோவுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து படகேறி, பர்மியக்கார அத்தையோடு வந்தவள்தான் தீடா. அம்மா பர்மியர். தமிழரான அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஒரு வார்த்தை தமிழ் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி. அந்த நாற்காலி காலியாக இருந்தால் எனக்குக் குரலே எழும்பாது.

ஒரு ஞாயிறு, வாசலில் அத்தை காக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மண்டலேயிலிருந்து தீடாவைப் பெண் கேட்டு வந்திருக்காங்க. இந்த வாரம் பதில் சொல்லணும்."

அவ்வளவுதான். என் உலகமே முடிந்தது.

அன்றைய படத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் சீன். கதாநாயகி ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பேசத் துணிவில்லாத கதாநாயகன் டீக்கடைக்காரரிடம், "அண்ணே, சக்கரையே இல்லையே... இன்னொரு ஸ்பூன் போடுங்க" என்கிறான். வசனம் இவ்வளவுதான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சோகம்!

மைக்கைப் பிடித்தேன்.

"போகாதே. எனக்குச் சொத்து கிடையாது. தைரியமும் கிடையாது. இதைக்கூட உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. ஆனா நீ போயிட்டா, ஞாயித்துக்கிழமை நான் யாருக்காகப் பேசுறது?"

கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். மண்டலேக்கு முடியாது என்று சொல்லிவிட்டாளாம். மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம். டீக்கடை ரகசியத்தை இத்தனை வருஷமும் நான் மூச்சு விடவில்லை. பொய் சொல்லிக் கட்டிக்கொண்டான் என்று நினைத்துவிட்டால்?

கரண்ட் வருகிற வழியாக இல்லை. தீடா டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வாய் குடித்தேன்.

"சக்கரையே இல்லையே" என்றேன்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல அவனும் இதைத்தானே சொன்னான்?"

தமிழ்! சுத்தமான தமிழ்!

பேச வராதவளுக்குப் புரியவும் செய்யாது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன், மடையன். ஐயோ... இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் சமையலைப் பற்றி என் அண்ணனிடம் போனில் தமிழில் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்!

"எல்லாம் புரியுமா?"

"அப்பா பேசினது காதுல நின்னுபோச்சு. வாயிலதான் வராது" என்று பர்மியத்துக்குத் திரும்பினாள். "நீங்க விடுற கதையெல்லாம் தெரியும். படகுல போகும்போது அத்தைக்கு நிஜக் கதையை நான் சொல்லிடுவேன்."

"அப்போ... அந்த ஸ்டேஷன் சீன்?"

டம்ளரை வாங்கிச் சக்கரை போட்டுக் கலக்கினாள். நிமிரவே இல்லை.

"அதை மட்டும் நீங்க சொன்னபடியே சொன்னேன்."

மன்னிக்கவும். அந்த இங்கிலீஷ் படத்தின் கிளைமாக்ஸ் எனக்கு இன்னும் தெரியாது.