லென்ஸ் போட்டு எல்லே ஆடியவள்

கண்ணாடி இல்லாவிட்டால் வினோஜாவுக்குத் தாயின் முகமே மங்கல். கண்ணாடி போட்டாலோ, தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே ஆட முடியாது. எங்கள் அக்கராயன் ஊர் மகளிர் அணியில் அவளைப் போலத் தடி சுழற்ற வேறு ஆளில்லை என்பதால் இது எங்கள் எல்லோருடைய தலையிடியும் ஆனது.

எல்லேயில் அடித்துவிட்டு ஓடுகிறவளைப் பந்தால் எறிந்துதான் ஆட்டமிழக்க வைப்பார்கள். ஒருமுறை அப்படி வந்த பந்து அவளுடைய கண்ணாடியை உடைத்துப் புருவத்தைக் கிழித்தது. "இனிக் கண்ணாடியோட இறங்கினியெண்டால் தடியை முறிச்சு அடுப்பில வைப்பன்" என்றார் தாய் கமலாட்சி. செய்யக்கூடியவர்தான். அதன்பின் வினோஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் கை அசைவை வைத்துக் குருட்டடி அடித்தாள். எல்லேயில் பந்து போடுகிறவளும் அடிக்கிறவளின் அணிதான். அவளுக்கு எப்போதும் நான்தான் போடுவேன்.

பிறகு யாழ்ப்பாணம் போய்க் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்கி வந்தாள். முதல்நாள் தடியோடு நின்றவள் திடீரென்று சிரித்தாள்.

"அக்கா, பந்து போடேக்க நீங்கள் நாக்கைக் கடிக்கிறியள்!"

அன்று அவள் அடித்த பந்தை வாய்க்காலுக்கு அப்பால்தான் தேடி எடுத்தோம்.

மறுவருடம் இறுதிப் போட்டிக்கு முதல்நாள், அறுவடை முடிந்த வயலில் பயிற்சி. தூசி பட்டு அவளுடைய வலக்கண் கோவைப்பழமாகிவிட்டது. கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் வழக்கம். அவளுடைய மச்சாள் தாட்சாயினிக்குக் கைக்குழந்தை, பாலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லென்ஸைக் கழற்றினால் காலையில் வீங்கிய கண்ணில் திரும்பப் போட முடியாது என்று பயந்து, இந்த விசரி கழற்றாமலே கண்ணைக் காட்டியிருக்கிறாள். பால் விட்டவளுக்கு உள்ளே லென்ஸ் இருப்பது நினைவில்லை. இவளும் வாய் திறக்கவில்லை. அப்படியே படுத்துவிட்டாள். விடிய இமையைத் திறக்க முடியவில்லை. நாங்கள் போட்டிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

லென்ஸுக்கடியில் தூசியும் பாலும் தங்கியதால் வந்த அழற்சி ஆறக் கனநாள் எடுத்தது. கருவிழியில் சிறு தழும்பு நின்றுவிட்டது. "பிள்ளை, இனி லென்ஸ் வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும், கண்ணாடி தேவைப்படாத மாதிரி லேசர் செய்யலாமோ எண்டு அளந்து பாப்பம்" என்றார் கண் டொக்டர்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு வருடம் வாழ்ந்தாள். தையற்கடையில் வேலை முடிந்ததும் மைதானத்துக்கு வருவாள். கண்ணாடியோடு ஓரத்தில் நின்று வெறுந்தடியைச் சுழற்றிக்கொண்டே இருப்பாள். "வாற வருஷம் எனக்கு மெதுவாப் போடாதையுங்கோ அக்கா" என்பாள். எனக்கும் ஆசைதான். வேறு யாருக்குப் பந்து போட்டாலும் என் கை அவளைத்தான் தேடியது.

வருடம் முடிய யாழ்ப்பாணத்துக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் ஏதேதோ மெஷினில் அவளுடைய முகத்தை வைத்து அளந்தார்.

"கருவிழி நல்லா மெல்லிசு பிள்ளை. அதோட தழும்பும் கிடக்கு. லேசர் பிடிச்சால் இருக்கிற பார்வையும் போயிடும். கண்ணாடியோடயே இருங்கோ."

"பாதுகாப்பா ஒரு கண்ணாடி போட்டு விளையாடலாமோ?" என்று நான் கேட்டேன்.

"எதைப் போட்டாலும், அந்தக் கண்ணில ஒரு சின்ன அடியும் படக்கூடாது" என்றார்.

மனுஷன் உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. வினோஜா எழுந்து, "சரி, நன்றி டொக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்தாள். ஆனையிறவு தாண்டியது. நான்தான் பொறுக்கமாட்டாமல், "அழுறதெண்டால் அழு, ஏன் அடக்கி வச்சிருக்கிறாய்?" என்று சினந்தேன்.

"இந்த ஒரு வருஷமும் நான் கனவில விளையாடிக்கொண்டுதான் இருந்தனான் அக்கா" என்றாள். "கனவில எனக்குக் கண்ணாடி இல்லை. நீங்கள் போடுற பந்து அவ்வளவு வடிவாத் தெரியும்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"இனிக் கனவிலயும் கண்ணாடி வந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றாள்.