யாருக்குப் பாடினார் பாட்டுக்கார அலியார்?

பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். "மீன் வியாபாரி அலியார் அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்" என்றது. கடையில் யாருக்கும் ஆள் பிடிபடவில்லை. "எந்த அலியார்? சந்தையில கணவாய் விக்கிறவரா?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. "பாட்டுக்கார அலியார்டா!" என்று கத்தினேன். கடை முழுவதும் எழுந்து நின்றது.

மீன் விற்றது வயிற்றுக்கு. அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஊர் அவரை அறிந்தது பாட்டால்தான். அந்த அறிவித்தல் அவரைப் பற்றிய கடைசிச் சொல்லாகிவிடக் கூடாது. கலியாண வீடுகளில் அவருக்குக் கைதட்டிவிட்டு, பாட்டு மார்க்கத்துக்கு ஆகாது என்று இப்போது தட்டவே இல்லை எனச் சொல்லித் திரிகிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் பாடப் பக்கத்தில் இருந்து றபான் மேளம் அடித்தவன் நான். எல்லாம் கண்டவன்.

ஒருமுறை இறக்காமத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையை அழைத்து வரும் பாட்டில் இரு வீட்டுப் பெரியவர்களின் பேரையும் சேர்த்துப் பாடுவது நம் பக்கத்து வழக்கம். பெண்ணின் மாமா பெரிய வயற்காரர், ஊருக்குப் போடியார். "என்ட பேர முதல் அடியிலேயே போட்டுடுங்க" என்று வந்து நின்றார்.

"போடியார், என்ட பாட்டு கடைப் பலகை இல்ல, பேரெழுதித் தொங்க விட" என்றார் அலியார்.

போடியாரின் முகம் கறுத்தது. சாப்பாடு போய்விடுமே என்று பயந்து நானே றபானைத் தட்டி, என் தவளைக் குரலில் அவர் பேரைப் பாடினேன். சனம் விசில் அடித்தது. பலர் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சகனில் குந்தியிருக்கும்போது அலியார் என் காதில் சொன்னார்: "பாடினது நீ இல்ல மச்சான், உன்ட வயிறு."

"கேக்க ஆளில்லாட்டிப் பாட்டு எதுக்குடா?"

"மழை ஆருக்கிட்டக் கேட்டுப் பெய்யிது?"

"மழைக்குச் சோறு தேவையில்லடா!"

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பாட்டு கேட்கிறவனுக்கா, பாடுகிறவனுக்கா என்ற எங்கள் சண்டை அன்று தொடங்கியது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் அவருடைய மனைவி, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் பின்வளவுக்குப் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. பாடசாலையில் போட்டிருந்த முகாமில் அலியார் பல நாட்கள் வாய் திறக்கவில்லை. ஒரு பின்னேரம் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்று பாடினார். "கொடியில சேல காயுது, எடுக்க வா" என்ற அடி திரும்பத் திரும்ப வந்தது. சனம் கூடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு ஓய்ந்ததும் கதீஜா ராத்தா முன்னே வந்தார். அவருடைய மகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. "தம்பி, என்ட புள்ளட பேரையும் போட்டுப் பாடுங்க. றிஸ்மியா. சட்ட எண்டு பாடுங்க, சேல கட்டுற வயசில்ல அவளுக்கு."

மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். போடியாரையே முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பியவர் அல்லவா?

"கொடியில சட்ட காயுது, றிஸ்மியா, எடுக்க வா" என்று பாடினார்.

கோமாரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த மீனவர் கந்தசாமி, "அலியார் அண்ணன், என்ட தம்பிக்குச் சாரன்" என்றார். தம்பிக்குச் சாரன் காய்ந்தது. இருட்டும் வரை அந்தக் கொடியில் உடுப்புகள் ஏறிக்கொண்டே இருந்தன.

மறுநாள் மௌலவி வந்தார். "மௌத்தான ஆக்களுக்கு ராகம் போட்டு அழுறது கூடாது அலியார்."

"நான் அழல்ல ஹஸ்ரத். கூப்புடுறன்."

மௌலவி நல்ல மனிதர். அலியாரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா, சனம் கேட்டுது, நீ பேர் போட்டாய். நான் வெண்டுட்டன்" என்றேன்.

"போடா. அவங்க கேட்டது தங்கட பேரயா?"

நாட்டில் யுத்தம் முடிந்த வருடம் மைதானத்தில் விழா மேடை போட்டார்கள். பாதைகள் திறந்ததில் எல்லோருக்கும் சந்தோசம். ஏற்பாட்டுக்காரர் ஒருவர் அலியாரிடம் வந்தார். "அந்தக் கடல் பாட்டு நல்ல மெட்டு, அலியார் காக்கா. விழாவுக்கு வாற பெரியவர்ட பேர அதில போட்டு வாழ்த்திப் பாடிடுங்க."

"ஓம், பாடுறன்" என்றார் அலியார். நானும் நம்பினேன்.

மேடையில் ஏறியவர் றிஸ்மியாவின் சட்டையில் தொடங்கினார். ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். அவர் பாட்டை நிறுத்தவில்லை. நான் தோல் கிழியும்படி றபானை அடித்தேன். முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற சனமோ தங்கள் தங்கள் ஆட்களின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவற்றில் சில, கடல் கொண்ட பேர்கள் அல்ல, யுத்தம் கொண்டவை. அவர்களுக்கும் கொடியில் இடம் கொடுத்தார் அலியார்.

இறங்கி வரும்போது கேட்டேன்: "இப்பயாவது சொல்லு, சனத்துக்குத்தானே பாடினாய்?"

"எனக்குத்தான்டா பாடினன். சனம் வந்து சேந்துக்கிட்டுது."

அதன்பின் அவரை எந்த மேடைக்கும் அழைக்கவில்லை. அவரும் எந்த மேடையையும் தேடிப் போகவில்லை. சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனார்.

இவ்வளவையும் எழுதி, நேற்று அவர் மகன் றிபாய்க்கு வாசித்துக் காட்டினேன். நான் எழுத்துப் படித்தது இந்தக் கிழ வயதில்தான். விரலை வைத்து மெல்ல மெல்லத்தான் வாசிக்க வரும். மார்க்கப் பற்றுள்ள பிள்ளை அவன், பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "மாமா, பாட்டு வாற இடமெல்லாம் வெட்டிடுங்க. வாப்பாக்குக் கபுறுக்குழியில அது பாவப் பாரம்."

"எழுதத்தான் மகன் படிச்சன். வெட்ட இன்னும் படிக்கல்ல."

சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பிறகு, "உம்மாட பேரு அந்தப் பாட்டுல இரிக்கா?" என்று கேட்டான்.

"இல்ல மகன். ஆனா முதல்ல காயிற சேல அவங்கடதான்."

அவன் அதற்குமேல் வெட்டச் சொல்லவில்லை.

அலியாரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பாட்டும், தீராத அந்தச் சண்டையும். மாவடிப்பள்ளி வயலில் தனியாக நிற்கும்போது தவளைக் குரலை உயர்த்தி அதைப் பாடுகிறேன். கேட்க ஒருவரும் இல்லை. நல்லாகத்தான் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.