காலி வண்டி திரும்பக் கூடாது

என் கையெழுத்து சில இடங்களில் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதிலும் பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கே எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் தெரியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் என் மனைவியின் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவன் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். காலும் முகமும் ஊதியிருந்தன. இரண்டு கிட்னியும் சுருங்கி வருகின்றன என்றார் டாக்டர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, காரணம் பிடிபடவில்லை. கல்ஃபில் எத்தனை வருஷம், அங்கே என்ன ‘வெள்ளம்’, அதாவது தண்ணீர், குடித்தது என்று மலையாளத்தில் கேட்டார்.

மச்சினன் சிரித்தான். “வெள்ளத்துக்கு ஒரு குறையும் இல்ல சாரே. எங்க அத்தான்தான் லாரியில கொண்டுவந்து தருவார். இந்தா இருக்காரே, இவருதான்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கையில் இருந்த டோக்கன் வேர்வையில் ஊறி எண் அழிந்துபோனது.

அங்கே நாங்கள் இரண்டு பேரும் எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் பாலைவனத்தில் வேலை பார்த்தோம். நான் டேங்கர் டிரைவர், அவன் கேம்ப்பில் சமையல். பூமியிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. அதைவிட அதிகமாகத் தண்ணீரும் கூடவே வரும். கடலைவிட உப்பு, மேலே எண்ணெய் மினுக்கும், வாடை மூக்கைத் துளைக்கும். அந்தக் கழிவைக் கொண்டுபோய், தூரத்தில் அதற்கென்று தோண்டிய ஆழமான குழியில் இறக்குவதுதான் என் வேலை. போகும்போது வாடகை உண்டு. திரும்பும்போது காலி வண்டி, டீசல்தான் எரியும்.

வழியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. அந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு டீசலைவிட விலை. ஒருநாள் சூப்பர்வைசர் சொன்னார்: “காலி வண்டி திரும்பக் கூடாது. டேங்கை மூணு தடவை கழுவு. நல்ல தண்ணி ஏத்தி கேம்ப்புக்குக் கொண்டு போ.”

மூன்று தடவைதான் கழுவினேன், முதலில். ஆனால் கழுவுவதற்கும் அந்த நல்ல தண்ணீர்தானே வேண்டும்? விற்கிற தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாயே என்று கத்துவார். மூன்று இரண்டானது. பிறகு ஒன்று. கடைசியில் சும்மா ஒரு வாளி விட்டு வழிய விடுவேன். கேம்ப்பில் மச்சினன் குழாய் பிடித்துக்கொண்டு நிற்பான். “அத்தான் வண்டி வந்தாச்சு, சாம்பாருக்கு உப்பு மிச்சம்!” என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். டீயில் வாடை தெரியாமல் இருக்க அவன் இஞ்சியை நசுக்கிப் போடுவான். ஆறு வருஷம் அந்த டீயைக் குடித்தான்.

அந்தத் தண்ணீரால்தான் கிட்னி போனதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் மனைவி தம்பிக்காகப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்து உடைத்தாள். “நீங்களும் ஒண்ணு உடைங்க” என்று நீட்டினாள். நான் எறிந்த காய் உடையாமல் உருண்டு ஓடியது. பக்கத்தில் நின்ற ஆள் எடுத்துத் தந்தார். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நாளை புதன்கிழமை மறுபடியும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நேற்று மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

“உப்புக் கரிச்சது எனக்குத் தெரியாதா?” என்றான். “பாலைவனத்துல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.” கரண்டியால் கஞ்சியைக் கிளறினான். “அந்த வண்டியில என்ன ஏறுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க குடிச்சியளா அத்தான்?”

பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான்.

“இல்ல. டவுன்ல பாட்டில் வாங்கி வச்சிருப்பேன்.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“டாக்டர் முன்னால உங்களுக்கு நாக்கு எழும்பாது” என்றான். “தமிழ்லயே எழுதித் தாங்க. நான் வாசிச்சு அவருக்குச் சொல்லுதேன். பாட்டிலையும் எழுதுங்க. விட்டுராதீங்க.”

எழுதிவிட்டேன்.

மீன மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.