துண்டு போட்ட இருக்கை

சியோல் மாநகரை ஒட்டிய அந்நகர், உறங்குவதற்கென்றே எழுப்பப்பட்டது போலிருந்தது. விடிந்ததும் அனைவரும் தலைநகருக்கு வேலைக்குப் புறப்பட்டுவிடுவர். புத்தூரிலிருந்து சென்ற எனக்கு, மகனுடன் பேசக் கிடைத்தது அவனது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் மட்டுமே. ஆகவே ஒருநாள் நானும் உடன் கிளம்பினேன்.

முதியவன் என்று வரிசையில் என்னை முன்னே விட்டனர். ஏறியதும், திருப்பதிப் பேருந்தில் செய்வதுபோல், பக்கத்து இருக்கையில் மகனுக்காகத் துண்டைப் போட்டு வைத்தேன். மற்றவை நிரம்பி அவ்வொன்றே எஞ்சியது. மகனுக்கு முன்னால் ஏறிய பெண் அதனருகே வந்து நின்றார். நின்றபடி பயணம் செய்ய அங்கே இசைவில்லை. ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை.

“துண்ட எடு நைனா. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க,” என்றான் மகன், படியில் நின்று.

எடுத்தேன். அப்பெண் அமர்ந்தார். மகனுக்கு இடமில்லை.

“எனக்கு டூட்டிக்கு லேட்டாவுது. நீ எறங்கி வூட்டுக்குப் போ நைனா.”

இறங்கினேன். என் இருக்கையில் அமர்ந்தவன் உடனே கண்களை மூடிக்கொண்டான். நான் உடன் சென்றிருந்தாலும் அவன் உறங்கியே இருப்பான் என்பது, கீழே நின்று பார்த்தபோதுதான் விளங்கியது.